சீமெந்து படாத வீட்டில் விடுமுறை

இத்தாலிக்குப் போகிறவர்கள் ரோம், வெனிஸ், பீசாக் கோபுரம் என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவதுதான் வழக்கம். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. நாட்டின் தென்கிழக்கில் அபுலியா என்று ஒரு பகுதி, அதற்குள்ளே இத்ரியா பள்ளத்தாக்கு, அங்கே ஒலிவ் மரங்களுக்கு நடுவில் பழைய கல்வீடு ஒன்று. அதில் போய் இருந்து, சமைத்துச் சாப்பிட்டு, மத்தியானம் படுத்தெழும்பி, பின்னேரங்களில் பக்கத்து ஊர்களைப் பார்த்துவிட்டு வந்தோம். போய்வந்த கதையைவிட அந்த வீட்டைப் பற்றித்தான் எழுத விருப்பம். பழுதான ஒரு வீட்டை எப்படித் திருத்தவேண்டும் என்று அங்கே கண்ணால் பார்த்தேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைப் பக்கம் இன்னும் மிஞ்சியிருக்கிற மண்வீடுகளை நினைத்தால் அது எழுதவேண்டிய விஷயம்.

அக்கா கலியாணம் முடித்துப் போன நாளிலிருந்து பலெர்மோவில் இருக்கிறார். சிசிலித் தீவில் இருக்கும் அந்த நகரத்தில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். சைவக்காரர்கூட நேர்த்தி வைத்துக்கொண்டு சாந்த ரொசாலியா மலைக் கோயிலுக்கு ஏறுகிற ஊர் அது. நானும் இவரும் அம்மாவும் ஆரையம்பதியிலிருந்து அங்கே போய்ச் சேர, அத்தான் லீவு எடுத்துக்கொண்டு எல்லாரையும் ஒரு வானில் ஏற்றினார். மெசீனாவில் வானோடு கப்பலில் ஏறி, தொடுவாயைக் கடந்து, கலாப்ரியா மலைகளுக்கூடாக ஒரு முழு நாள் ஓட்டம். அம்மா வழி முழுக்கச் செபமாலை உருட்டாத குறை. சுரங்கப்பாதை ஒன்று முடிய அடுத்தது வந்துகொண்டே இருந்தது.

அந்தப் பகுதியில் இருக்கிற வீட்டுக்குத் துருல்லோ என்று பெயர். வட்டமாகவோ சதுரமாகவோ தடித்த சுவர், அதற்கு மேலே கூம்பாக எழும்பும் கல் கூரை, உச்சியில் வெள்ளை அடித்த ஒரு முடிக்கல். வான் வளவுக்குள் திரும்பியதும் அம்மா அந்த உச்சியைப் பார்த்து, "என்ன மகள், கோயில் கலசம் வைச்ச மாதிரி இருக்கு" என்றார். எங்கள் வீட்டில் ஒன்றோடொன்று ஒட்டியபடி மூன்று கூம்புகள். நடுக் கூம்புக்குக் கீழே இருக்கிற அறையிலிருந்து மற்ற இரண்டுக்கும் வளைவு வாசல் வழியாகப் போகலாம். பின்னால் ஒரு பத்தி இறக்கி அதில் குளியலறையும் குசினியும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்தி புதிதாகச் செய்த வேலை என்று பார்த்ததும் தெரியும். பழையதுபோலக் காட்ட அவர்கள் முயற்சி செய்யவேயில்லை, எனக்கு அது பிடித்தது.

இந்த வீடுகளில் சாந்து கிடையாது. சீமெந்தும் இல்லை, சுண்ணாம்புச் சாந்தும் இல்லை, கல்லின் மேல் கல்லை வெறுமனே அடுக்கியிருக்கிறார்கள். சுவர் இரண்டு தட்டு, உள்ளே ஒன்று வெளியே ஒன்று, இடையில் உடைகற்களைப் போட்டு நிரப்பியிருக்கும். ஜன்னல் அருகில் நின்று கையை நீட்டினேன், சுவரின் மறுபக்கத்துக்கு என் விரல் எட்டவில்லை, அவ்வளவு தடிப்பு. கூரையும் அப்படித்தான், மரச்சட்டம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வட்டமாகக் கல்லை வைத்துக்கொண்டு போகிறார்கள், மேலே வருகிற வட்டம் கீழ் வட்டத்தைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், அப்படியே ஒடுங்கி ஒடுங்கி உச்சியில் ஒரு கல்லோடு மூடிவிடும். ஒரு வட்டத்தில் இருக்கும் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருப்பதால் எதுவும் உள்ளே விழாது. அதற்கு மேலே மெல்லிய சுண்ணாம்புக்கல் பலகைகளை வெளிப்பக்கம் சரிவாக அடுக்கி மழையை ஓட்டிவிடுகிறார்கள். அந்தப் பலகைக் கல்லை கியான்கரெல்லே என்கிறார்கள்.

கல் எங்கேயிருந்து வந்தது? நிலத்திலிருந்துதான். அந்தப் பகுதியில் மேலே கொஞ்சம் செம்மண், கீழே முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பயிர் வைக்க முதல் கல் பொறுக்கவேண்டும், பொறுக்கிய கல்லை எங்கேயாவது போடவேண்டும். அதைக்கொண்டு வரம்பு கட்டினார்கள், மதில் கட்டினார்கள், வீட்டையும் கட்டினார்கள். வட்டையை, அதாவது வயல்வெளியைத் திருத்துவதும் வீடு கட்டுவதும் ஒரே வேலை. இந்த விஷயத்தைக் கேட்டபோதுதான் எங்கள் பெத்தப்பாமார் காட்டை வெட்டி, வெட்டிய கம்பிலேயே வாடி போட்டு, அந்த வாடியைச் சுற்றி வேளாண்மை செய்தது எனக்கு ஞாபகம் வந்தது.

சாந்து இல்லாமல் கட்டியதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். இந்த நிலமெல்லாம் கொன்வெர்சானோ பிரபுக்களின் கையில் இருந்தது, புதுக் குடியிருப்புக்கு நாப்போலி அரசனுக்கு வரி கட்டவேண்டும், வரிக்காரர் வருகிறார் என்று தெரிந்தால் வீட்டைக் கலைத்துக் கல் குவியலாக்கிவிடலாம் என்பதற்காகத்தான் குடியானவர்களை இப்படிக் கட்டச் சொன்னார்களாம். 1797ல் அரசன் நான்காம் பெர்தினாந்து அல்பெரொபெல்லோ ஊரைப் பிரபுக்களின் பிடியிலிருந்து விடுவித்தான். அதற்குப் பிறகு சாந்து வைத்தும் கட்டினார்கள். வயல்களுக்குச் சொந்தக்காரரான போடியார்மார் காலத்துக் கதைகள் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தெரியவில்லை. நிலம் ஒருவர் கையில், வியர்வை இன்னொருவர் உடம்பில்.

வீட்டுக்காரப் பெண்மணி பக்கத்து வளவில்தான் இருக்கிறார், எழுபது வயது தாண்டியவர். போன அன்றே எங்கள் கடவுச்சீட்டுகளை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார், தங்குகிறவர்களின் விவரத்தை ஒரு நாளுக்குள் பொலிஸுக்கு அனுப்பவேண்டியது அங்கே சட்டம். அம்மா ஒரு கணம் பயந்துபோனார். எங்கள் ஊரில் பதிவு, பொலிஸ் என்றால் வருகிற பயம் இன்னும் போகவில்லை. அக்கா விளங்கப்படுத்திய பிறகுதான் ஆறுதல். அந்தப் பெண்மணி திரும்பிப்போய் ஒரு கூடையில் அத்திப்பழமும் தக்காளியும் காய்ந்த வட்டப் பாணும் கொண்டுவந்தார். அந்தப் பாணைத் தண்ணீரில் ஒரு தரம் நனைத்து, தக்காளியைப் பிழிந்து, ஒலிவ் எண்ணெய் விட்டுச் சாப்பிடவேண்டும். எத்தனையோ நாள் கெடாமல் இருக்குமாம், வயலுக்குப் போகிறவர்கள் கொண்டுபோகிற சாப்பாடு.

இரவு அக்கா பக்கத்திலிருந்து மொழிபெயர்க்க, அவர் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். நாங்கள் படுத்த அறையில், சுவரைக் குடைந்தது போல உள்ளே போகும் இடத்தில் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். அவருடைய சின்ன வயதில் அந்த இடத்தில் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகப் படுப்பார்களாம், முன்னால் ஒரு சீலைத் திரை. கூம்புக்குள்ளே பலகை போட்டு அதன் மேலே தானியமும் காய்ந்த அத்தியும் வைப்பார்களாம். பக்கத்துக் கூம்பில் கோவேறு கழுதை. மாரியில் ஈரம், அடுப்புப் புகை, தண்ணீர் கஷ்டம். பிறகு சகோதரர்கள் ஒவ்வொருவராக ஜேர்மனிக்கும் தூரீனுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள், வீடு பூட்டிக் கிடந்தது, கூரையில் அத்திமரம் முளைத்தது. "அழகான வீடு என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள், அந்தக் காலத்தில் இதிலிருந்து ஓடத்தான் எல்லாரும் பார்த்தார்கள்" என்றார். அவர் இதைச் சொன்னது எனக்குப் பெரிய மரியாதையை உண்டாக்கியது. பழைய வீட்டைப் பற்றிக் கதைக்கிறவர்கள் வறுமையை விட்டுவிட்டு அழகை மட்டும் கதைத்தால் அதில் உண்மை இல்லை.

பூட்டிக் கிடக்கிற வீடுகள் எங்களுக்கும் தெரியும்தானே. சுவிஸ், லண்டன், கனடா என்று போனவர்களின் வீடுகள் ஆரையம்பதியிலிருந்து களுவாஞ்சிகுடி வரைக்கும் எத்தனை.

அந்தப் பெண்மணி தன் வீட்டைத் திருத்தத் தொடங்கியது சகோதரர்களின் பங்கை வாங்கிய பிறகு. முதல் வேலையாக உள்ளே யாரோ பூசியிருந்த சீமெந்தைக் கொத்தி எடுத்தார்களாம். கல் தண்ணீரை உறிஞ்சும், வெயிலில் அதைத் திரும்ப வெளியே விடும். மேலே சீமெந்தைப் பூசினால் வெளியே விட வழியில்லை. ஈரம் உள்ளே தங்கிக் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும், கடைசியில் பூச்சு பாளம் பாளமாக விழும். அதனால் சுண்ணாம்பு மட்டும்தான். சுண்ணாம்புச் சாந்து, அதன் மேலே சுண்ணாம்பு வெள்ளை, வருடத்துக்கு ஒரு தரம் திரும்ப அடிக்கவேண்டும். கையால் தடவினால் கொஞ்சம் வெள்ளை ஒட்டும், அதற்குப் பரவாயில்லை.

நான் ஊரில் இதையே மண்வீட்டில் பார்த்திருக்கிறேன். கம்பு நட்டு, இரண்டு பக்கமும் வரிச்சுக் கட்டி, புற்றுமண்ணை வைக்கோல் போட்டு மிதித்து அப்பிய சுவர், சாணி மெழுகிய தரை. அந்தச் சுவருக்கு வெளியே "உறுதியாக இருக்கட்டும்" என்று சீமெந்து பூசுகிறார்கள். இரண்டு மாரி போகாது, உள்ளே மண் ஊறிக் கம்பு உக்கி, சுவர் பூச்சை மட்டும் விட்டுவிட்டு உள்ளுக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு மண்வீடு கூடாது என்று பெயர். மண் என்ன செய்யும்? மண்ணுக்கு மேலே மண்ணும் சுண்ணாம்பும் பூசினால் அது பேசாமல் நிற்கும், கறையான் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு நாள் காலையில் எதிர் வளவில் சுத்தியல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தோம். வயதான ஒருவர், அவரோடு ஒரு இளம் பெடியன், பழைய துருல்லோ ஒன்றின் கூரையைப் பிரித்துத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கழற்றிய பலகைக் கற்களை அளவு அளவாகப் புல்லில் பரப்பி வைத்திருந்தார்கள். பெரியவர் ஒரு கல்லை எடுப்பார், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார், விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவார், சத்தம் அடைத்துக் கேட்டால் தூக்கி உடைகல் குவியலில் போட்டுவிடுவார். நல்ல கல் கணீரென்று கேட்கும். அதைக் கொண்டுபோய் வைத்து, கையை மேலே பரப்பி அழுத்திப் பார்ப்பார், ஆடினால் கீழே விரல் நகம் அளவு கல் ஆப்பு ஒன்று செருகுவார். மட்டப்பலகையை அவர் தொடவே இல்லை. சரிவைக் கண்ணாலேயே பிடித்தார். பெடியன் வைத்த ஒரு கல்லை ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிட்டு அவன் கையிலேயே திரும்பக் கொடுத்தார், அவன் திருப்பி வைத்தான், அப்புறம்தான் தலையை ஆட்டினார். என் கணவர் வெயிலையும் மறந்து நின்று பார்த்தார். சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலையை 2018ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது, இத்தாலி, குரோவேசியா, கிரேக்கம், ஸ்பெயின் என்று பல நாடுகளுக்கும் பொதுவாக. பட்டியலில் சேர்த்தது நல்ல விஷயம். ஆனால் கலை நிற்பது அந்தப் பெடியனுக்குக் கூலி கிடைக்கிறபடியால்தான். பழைய வீட்டைத் திருத்த ஆள் தேடுகிற வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், அதனால் தொழில் பழகப் பிள்ளைகள் வருகிறார்கள்.

வீட்டின் குளிர்ச்சியைச் சொல்லாவிட்டால் சரியில்லை. செப்டெம்பரில் போனோம், வெளியே மத்தியான வெயில் எங்கள் ஆவணி வெயிலுக்குக் குறைவில்லை. உள்ளே விசிறிகூடப் போடவில்லை, அம்மா பின்னேரம் சால்வை போர்த்திக்கொண்டார். தடித்த கல் வெயிலை மெல்ல மெல்லத்தான் வாங்கும், அது உள்ளே வந்து சேரமுதல் பொழுது பட்டுவிடும். ஜன்னல்களும் சின்னன். அதற்குக் கொடுக்கிற விலையும் உண்டு: பகலிலும் அறைக்குள் லைட் போடவேண்டும், போனுக்குச் சிக்னல் சுவரைத் தாண்டி வராது, உயரமானவர்கள் வாசலில் குனிந்துதான் போகவேண்டும். மாரியில் அடுப்பு எரிக்காமல் இருக்க முடியாது என்று வீட்டுக்காரப் பெண்மணியே சொன்னார். வேலைக்காகப் போகிறவர்களுக்கும், மூட்டுவாதக்காரர்களுக்கும் குளிர்காலத்தில் இப்படி ஒரு வீட்டில் தங்கச் சொல்லி நான் சொல்லமாட்டேன்.

தண்ணீர் விஷயம் இன்னொன்று. அபுலியாவில் ஆறு குறைவு, பெய்கிற மழை சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளுக்குள் போய்விடும். அதனால் கூரை மழையைக் கல் பீலி வழியாகப் பிடித்து, வீட்டுக்குக் கீழே வெட்டிய தொட்டியில் சேர்த்துவைத்துக் குடித்தார்கள். மலைக்கு அப்பால் செலே ஆற்று ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய்த் திட்டத்தை 1906ல் தொடங்கி, 1915ல்தான் பாரி நகரத்தில் தண்ணீர் வந்தது. கிராமங்களுக்கு அதற்கும் பிறகு. எங்கள் வளவில் இருந்த தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார்கள், இப்போது தோட்டத்துக்கு மட்டும் பாவிக்கிறார்கள். கல் மூடியின் விளிம்பில் கயிறு இழுத்து இழுத்துப் பள்ளம் விழுந்திருந்தது. அம்மா அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "பொம்பிளையள் இழுத்த கயிறு" என்று மட்டும் சொன்னார்.

ஊர் பார்த்த கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். அல்பெரொபெல்லோவை 1996ல் உலக மரபுச் சொத்தாக்கினார்கள், ஒரு மலைச்சரிவு முழுக்கத் துருல்லோ வீடுகள், பார்க்க அதிசயம்தான், ஆனால் பாதி வீடு கடையாகிவிட்டது, சனம் நெரிபடுகிறது. விடியப் போனால் நல்லது. லோகொரொத்தொந்தோ அமைதியான வெள்ளை ஊர், எனக்குப் பிடித்தது அதுதான். சிஸ்தெர்னீனோவில் இறைச்சிக்கடையில் நாம் காட்டுகிற இறைச்சியை அங்கேயே சுட்டுத் தருகிறார்கள், அத்தானும் இவரும் அங்கே போக ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். ரயில் ஒன்று இந்த ஊர்களுக்கூடாக ஓடுகிறது. ஆனால் வீடு தோட்டத்துக்குள் என்றால் வாகனம் இல்லாமல் முடியாது. கல்மதில்களுக்கு இடையில் ஒரு வாகனம் மட்டும் போகிற ஒழுங்கைகள், எதிரே ட்ராக்டர் வந்தால் பின்னால் எடுக்கத் தெரிந்திருக்கவேண்டும். ஆகஸ்ட் நடுவில் போகவேண்டாம், இத்தாலி முழுக்க அப்போது லீவில் நிற்கும். சாப்பாட்டில், காய்ந்த ஃபாவா என்ற அவரை வகைப் பருப்பை அவித்து மசித்து, பக்கத்தில் கசப்புக் கீரை வைத்துத் தருவார்கள், ஏழைச் சாப்பாடு என்று அவர்களே சொல்கிற சாப்பாடு. அம்மா அதைச் செத்தல் மிளகாயும் வெங்காயமும் போட்டுத் தாளித்து வீட்டுக்காரப் பெண்மணிக்கு ஒரு கோப்பை கொடுத்தனுப்பினார். கோப்பை கழுவி, உள்ளே பாதாம் பருப்போடு திரும்பி வந்தது.

அவர் கவலைப்பட்டது ஒலிவ் மரங்களுக்குத்தான். 2013ல் தெற்கே கல்லிப்போலிப் பக்கம் சைலெல்லா என்ற பக்டீரியா நோய் கண்டுபிடிக்கப்பட்டது, ஒரு சின்னப் பூச்சி அதைப் பரப்புகிறது, அபுலியாவின் தெற்குப் பகுதியான சலென்தோ முழுக்க இலட்சக்கணக்கான மரங்கள் நின்றபடியே காய்ந்துபோயின. நூற்றாண்டுகள் கண்ட மரங்கள் அவை. அது மெல்ல வடக்கே வருகிறது என்று சொல்லும்போது அவர் தன் மரத்தின் தண்டில் கையை வைத்துக்கொண்டிருந்தார். அம்மா 78 சூறாவளியைச் சொன்னார். கார்த்திகை மாதம் 23ஆம் திகதி இரவு, விடிந்தபோது மட்டக்களப்புத் தென்னைகள் தலையில்லாமல் நின்றதையும், பெத்தம்மாவின் வீட்டுக் கூரை வட்டைக்குள் கிடந்ததையும். அக்கா இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக் களைத்துப்போனார், ஆனால் இரண்டு பேரும் நிறுத்தவில்லை.

அந்தப் பெத்தம்மாவின் வீட்டுக்குத்தான் நான் வரவேண்டும். கொக்கட்டிச்சோலைக்கு அங்கால், சின்னதாக ஒரு வீடு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக மண்முனைத்துறையில் பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில் ஏறி அக்கரை போவோம், 2014ல் பாலம் வந்த பிறகு கால் மணி நேரப் பயணம். முன்பக்கம் பிறகு கட்டிய செங்கல், பின்பக்க இரண்டு அறையும் இன்னும் மண்சுவர். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், பெத்தம்மாவிடமிருந்து அம்மாவுக்கு வந்தது, அம்மாவிடமிருந்து எங்களுக்கு. இந்த வழக்கத்தில் நல்லதும் இருக்கிறது, பாரமும் இருக்கிறது. ஒவ்வொரு கலியாணத்துக்கும் புது வீடு வேண்டும் என்று மாப்பிள்ளை வீடு கேட்பதால் பழையதை இடிக்கிறார்கள், கடன்பட்டுக் கொங்கிறீற் மேல்மாடி எழும்புகிறது, அதற்குள்ளே பகலில் இருக்க முடியாமல் மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருக்கிறார்கள். சூறாவளியும் சுனாமியும் சண்டையும் கொண்டுபோனது போக மிஞ்சியதை நாங்களே இடிப்பதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

எல்லா மண்வீட்டையும் காப்பாற்றவேண்டும் என்று சொல்ல வரவில்லை. வெள்ளம் ஏறுகிற இடத்தில் மண்சுவர் நிற்காது, அங்கே இருக்கிறவர்களுக்கு நல்ல அத்திவாரத்தோடு கல்வீடு கிடைக்கவேண்டும். ஆனால் மேட்டு நிலத்தில், நல்ல கூரையோடு, பின் அறையாகவோ பட்டறையாகவோ நிற்கிற சுவர்களை ஏன் இடிக்கவேண்டும்? பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல்கள் வந்துவிட்டன, அங்கே வருகிற வெளிநாட்டுக்காரர் ஏசி அறைக்குள் இருந்துவிட்டுப் போகிறார். படுவான்கரையில் வாவியையும் வட்டையையும் பார்த்தபடி ஒரு மண்வீடு, நல்ல குளியலறை, சுத்தமான படுக்கை, வீட்டுக்காரர் சமைக்கிற சோறு, இவ்வளவும் இருந்தால் வந்து தங்க ஆள் இருக்கும். அபுலியாவில் அந்தப் பெண்மணிக்கு வருகிற வருமானம் அவர் கையிலேயே நிற்கிறது, வீடும் நிற்கிறது.

வந்ததும் மாமாவோடு கதைத்தேன். பின் அறைச் சுவரில் வெடித்த இடத்தைச் சீமெந்தால் அடைக்கிற யோசனையில் இருந்தார், மேசனும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லியாயிற்று. வரிச்சுக் கட்டத் தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார், தனியாக வேலை செய்ய அவருக்கு இப்போது உடம்பு இடம் கொடுக்காது, மாமாவின் இளைய மகன் அவரோடு நிற்கச் சம்மதித்திருக்கிறான், இரண்டு பேருக்கும் நாள் கூலி. சுண்ணாம்புக்கு முந்திக் கல்குடாப் பக்கம் முருகைக்கல் சுடுவார்கள். அது இப்போது தடை, சரியான தடைதான், கடலுக்குள் இருக்கிற முருகைக்கல் கடலுக்குள்ளேயே இருக்கட்டும். நீற்றின சுண்ணாம்பு மூட்டை கடையில் வாங்கலாம். இந்த மாரிக்கு முதல் முடியாது, ஈர மண் காய வெயில் வேண்டும், அதனால் கிடுகு கட்டி மழையை மறைத்துவிட்டுச் சித்திரை வருடம் பிறந்த பிறகு தொடங்குவது என்று முடிவு. மாமா வாங்கி வைத்த சீமெந்து மூட்டைகளைக் கிணற்றுக் கட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லி அம்மா சொல்லிவிட்டார்.